வெள்ளைப் பூ வந்தால் ஆடலாம்

ஜூலை பிறந்தால் போதும், என் அறை வாசலில் பிள்ளைகள் வந்து நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். "மேடம், இந்த சீசன் நம்ம டீம் எப்டி மேடம்? செமி ஃபைனல் வரைக்கும் போவோமா?" நான் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் கால்பந்து அணி என் பொறுப்பு. "மொதல்ல நாலு ரவுண்டு ஓடிட்டு வா, அப்புறம் சொல்றேன்" என்று விரட்டிவிடுவேன். பாவம், அதையும் நம்பி ஓடிவிட்டு மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். நான் அப்போதும் சொல்ல மாட்டேன். சொல்லத் தெரியாமல் இல்லை. ஒரு காலத்தில் இந்த ஊரில் அதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

நான் படித்ததும் இதே ஊரில்தான், வேறொரு கல்லூரியில். மூன்று வருஷமும் அணியில் ஸ்டாப்பர் ஆடினேன், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற இடம். காலை விட என் வாய்க்கு வேலை ஜாஸ்தி. சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கோடு போட்ட நோட்டில், எந்தக் கல்லூரி எந்தச் சுற்றில் கழன்றுகொள்ளும் என்று எழுதி வைப்பேன். பெரும்பாலும் அப்படியே நடக்கும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பையன்கள் அணி என்றால் எவன் எப்படி ஆடுகிறான் என்று பார்த்தால் போதும். பெண்கள் அணிக்கு அது பாதிதான். மீதிப் பாதி கல்யாணக் கணக்கு. எந்தக் கல்லூரி கோல்கீப்பருக்கு ஆவணியில் முகூர்த்தம், எந்த லெஃப்ட் விங்கைப் போன வாரம் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், இதெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டால் கோப்பை யாருக்கு என்று வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். ஆடி முடிந்து முதல் முகூர்த்தம் தாண்டும் வரைக்கும் எந்த அணியையும் நம்பக் கூடாது.

ஒரு வருஷம், அதற்கு முந்தைய வருஷத்துச் சாம்பியன் அணியில் மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் தாலி ஏறிவிட்டது. பதினோரு பேர் சேராமல் அவர்கள் போட்டிக்கே வரவில்லை. நான் அதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். நோட்டைக் காட்டியதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

எங்கள் சென்டர் ஃபார்வர்டு அடி அண்ணாமலைக்காரி. கிரிவலப் பாதை ஓரத்தில் வீடு. அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் கடை. முதல் வருஷம் முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், அப்புறம் மூன்று வருஷமும் எழுந்திருக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று சொல்வது பேச்சுக்கு இல்லை, கல்லூரி கேன்டீனில் ஒரு தட்டுதான் வாங்குவோம். பந்தை வாங்கித் திரும்புவாள் பாருங்கள், எதிரில் நிற்கிறவளுக்கு எந்தப் பக்கம் போகிறாள் என்று புரிவதற்குள் கோல் விழுந்திருக்கும். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. யுனிவர்சிட்டி டீமில் இடம் கிடைத்தால் சர்டிஃபிகேட் வரும், அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போகலாம். அப்பா அவளுக்கு மூன்றாம் வருஷம் வரைக்கும் டைம் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்ன சொல்லில் நிற்பவர், அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் ஆடிப் பௌர்ணமிக்கு எங்கள் கல்லூரி மைதானத்தில் வழக்கம்போல வெளியூர் பஸ்களை நிறுத்தினார்கள். அந்த வாரம் நல்ல மழை. பஸ் டயர் பதிந்த சேறு, அடுத்து அடித்த வெயிலில் அப்படியே காய்ந்து கல்லாகிவிட்டது. பி.டி. சார், அதாவது எங்கள் கோச், ரெண்டு நாள் கடப்பாரையை வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தார். பிறகு, "பாத்து ஆடுங்க, வேற இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டார். பாத்துதான் ஆடினோம். பந்தைப் பார்த்துக்கொண்டு தரையையும் பார்க்க எவளால் முடியும்? அவள் திரும்பும்போது கால் டயர்த் தடத்துக்குள் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பிவிட்டது, முட்டி திரும்பவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்றார். மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது. தானாகச் சேர்ந்தாலும் சேரலாம், இல்லாவிட்டால் சின்னதாக ஆபரேஷன். நடுவில் ஆடி முழுசாக அறுத்துக்கொண்டால் அப்புறம் என்னிடம் வந்து அழாதே என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். போட்டிக்கு இருந்தது நாலு வாரம். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டாள்.

"நீ இன்னா சொல்ற? உன் நோட்டுல இன்னா எழுதுவ?"

நோட்டில் அன்றைக்கு ராத்திரியே எழுதினேன். அவள் ஆடினால் அரையிறுதி. ஆடாவிட்டால் முதல் சுற்றிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமான கணிப்பை நான் எழுதியதில்லை. அவளிடம் மட்டும், "உன் முட்டி, நீதான் முடிவு பண்ணணும்" என்றேன். பெரிய நியாயஸ்தி மாதிரி.

நாலு வாரமும் அவளால் முடிவு பண்ண முடியவில்லை. ஆடவில்லை என்றால் சர்டிஃபிகேட் இல்லை, தை மாதம் கல்யாணம். ஆடினால் கால் போனாலும் போகும். ஒரு நாள் ஆடுகிறேன் என்பாள், மறுநாள் வேண்டாம்டி பயமாயிருக்கு என்பாள். பி.டி. சார் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் அவள் ஆட வேண்டும் என்றுதான் அவருக்கும் இருந்திருக்கும். யார்தான் நினைக்கவில்லை?

எங்கள் அணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. சீசனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலையில் அவள் தெருவில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ரெண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைக்க வேண்டும். முன்பின் தெரியாத யாராவது ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஜெயிப்போம், சிவப்பு வந்தால் தோற்போம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே மரத்தடியில் போட்டுவிட வேண்டும். முதல் ரெண்டு வருஷமும் சிவப்பு வந்தது, ரெண்டு வருஷமும் தோற்றோம். அதனால் பெண்களுக்கு என் நோட்டை விட அந்தப் பூ மேல் நம்பிக்கை ஜாஸ்தி. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

அந்த வருஷம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டி டீமுக்காகக் கேக்க வேணாம்டி. எனக்காகக் கேக்கலாம். வெள்ளை வந்தா ஆடறேன். சிவப்பு வந்தா ஒக்காந்துடறேன். என்னால யோசிக்க முடியல. அவ இன்னா சொல்றாளோ அது."

"நீயே கட்டுடி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "நான் கட்டினா எது எதுன்னு கண்ணு கண்டுபிடிச்சிடும்." அந்த வருஷம் நான்தான் கேப்டன், எப்போதும் கேப்டன்தான் கட்டுவது வழக்கம். கோயிலுக்குப் பின்னால் நந்தியாவட்டைச் செடியும் செவ்வரளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நான் மட்டும் போனேன். வாழையிலையைக் கிழித்து ரெண்டு துண்டாக்கினேன். முதல் துண்டில் நந்தியாவட்டையை வைத்து நாரால் கட்டினேன். அரளியைப் பறித்து ரெண்டாவது துண்டில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதை எடுத்து டிராக் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்து வைத்துக் கட்டினேன். எல்லாம் ஒரு நிமிஷத்து வேலை.

அவளுக்குத் தைரியம் கொடுப்பதற்காகத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அரையிறுதிக்குத்தான் வருவார்கள். எனக்கும் அது கடைசி வருஷம். எனக்கும் சர்டிஃபிகேட் வேண்டும், மேலே உடற்கல்வி படிக்க சீட் வேண்டும். அவள் உட்கார்ந்துவிட்டால் அரையிறுதியை நான் டி.வி.யில்கூடப் பார்க்க முடியாது. டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

கிரிவலம் வந்த ஆந்திரா அம்மா ஒருத்தரைக் கூப்பிட்டுப் பொட்டலத்தை எடுக்கச் சொன்னோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குத் தெலுங்கு தெரியாது. கையைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தோம். அவர் கண்ணை மூடி, அம்மனைக் கும்பிட்டு, ரொம்ப யோசித்து ஒன்றை எடுத்தார். பாவம், அவ்வளவு யோசித்தார். பிரித்தால் வெள்ளை. பெண்கள் எல்லாம் ஒரே கத்தல். அவள் கத்தவில்லை. கர்ப்பக்கிருகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு வாரத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் தெளிவைப் பார்த்தேன். நான் இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் போய் மரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன்.

போட்டி வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்தது. முட்டியில் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு முதல் மேட்சில் ரெண்டு கோல் போட்டாள். அடுத்த மேட்சில் ஒன்று. என் நோட்டு பலித்துக்கொண்டிருந்தது. அரையிறுதியில் இடைவேளைக்குப் பிறகு ஒரு கார்னர் வந்தது. தலையால் முட்ட எம்பினாள், இறங்கினாள். அவள் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை, யாரும் இடிக்கவில்லை. இறங்கிய கால் நிற்கவில்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது முட்டியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் இல்லடி. அவதான் சொல்லிட்டா இல்ல, எழுந்துடுவேன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், விழுந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி விழுந்தாள். மூன்றாவது தடவை முயற்சி பண்ணும்போது பி.டி. சார் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். அப்போதுகூட அவள் திரும்பி எங்களைப் பார்த்து, "வந்துடறேன், ஆளு எறக்காதீங்க" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அவள் போன பிறகு மீதி நேரம் முழுக்கப் பந்து எங்கள் கோல் பக்கமே இருந்தது. ஃபார்வர்டு இல்லாத அணியில் ஸ்டாப்பருக்கு வேலை ஜாஸ்தி. ஆள் எடுக்க வந்தவர்கள் வேறு யாரைப் பார்ப்பார்கள்? தோற்றோம், ஆனால் பட்டியலில் என் பெயர் வந்தது. நான் யுனிவர்சிட்டிக்கு ஆடினேன், சர்டிஃபிகேட் வாங்கினேன், மேலே படித்தேன், இன்றைக்கு மேடம் ஆகிவிட்டேன். நான் உட்காரும் நாற்காலி அவள் முட்டிதான்.

அவளுக்கு ஜவ்வு முழுசாக அறுந்து, உள்ளே வேறு என்னென்னவோ கிழிந்துபோயிருந்தது. ஆபரேஷன் நடந்தது. கால் நீளும், முழுசாக மடங்காது. போலீஸ் ஆசை அங்கேயே முடிந்தது. தை மாதம் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் நாலு எட்டு நடந்துவந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அதற்கப்புறம் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இப்போது கடையைத் தினமும் திறந்து வைத்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஜூஸ், தண்ணீர் பாட்டில், கற்பூரம், நெய் விளக்கு.

ஆனால் அவள் அந்த அம்மன் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கோயில் அவள் வீட்டிலிருந்து நாலாவது வாசல். பஸ் ஏறப் போக வேண்டுமென்றால்கூடப் பின்பக்கச் சந்தில் சுற்றிக்கொண்டு, அந்தக் காலோடு, போவாள். கோயிலைத் தாண்டிப் போக மாட்டாள். ஆடி மாதம் தெருவே கூழ் ஊற்றும்போது இவள் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு தடவை ஏன்டி இப்படி என்று கேட்டேன். எனக்குக் கேட்க வாய் வந்தது, பாருங்கள்.

"அவளுக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. சிவப்பு குடுத்திருக்கலாம் இல்ல? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நான் இன்னா கோப்பையா கேட்டேன்? ஆடட்டுமா வேணாமான்னுதான கேட்டேன். ஆடுன்னு சொல்லி அனுப்பிட்டு காலை வாங்கிக்கினா."

ஏழு வருஷம் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கடையில் போய் உட்காருவேன். அவள் அம்மனைத் திட்டுவாள், நான் தலையாட்டுவேன்.

இந்த ஜூலையில் என் அணிப் பிள்ளைகள் மைதானத்து ஓரத்தில் கூட்டமாக உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் இலையும் பூவும். கணுக்கால் வீங்கிப்போன ஒரு பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "ஆடலாமா வேணாமான்னு பூ கட்டிப் பாக்கறோம் மேடம்" என்றார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. பொட்டலங்களைப் பிடுங்கிக் கிழித்து எறிந்தேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் விட்டேன். இந்த சீசன் அவள் ஆட மாட்டாள். மற்றதுகள் எல்லாம் பேயைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தன. ஏன் மேடம் என்று ஒருத்தி கேட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அடி அண்ணாமலைக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லை. அவள் ஸ்டூலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு கற்பூரப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் அடுக்குவதை நிறுத்தினாள்.

"ரெண்டுலயும் வெள்ளையா?"

"ஆமா."

"சிவப்பு இன்னா பண்ண?"

"பாக்கெட்ல போட்டுக்கினேன்."

"எதுக்கு?"

"எனக்கு செமி ஃபைனல் வேணும்னு இருந்துச்சு."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அழகாகச் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் அதுதான் உண்மை. அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"ஏன் இப்ப வந்து சொல்ற?"

"தாங்கலடி."

"உனக்குத் தாங்கல. அதான் வந்து சொல்ற."

அவள் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"சிவப்பு வந்திருந்தா நான் ஒக்காந்திருப்பேன். சத்தியமா ஒக்காந்திருப்பேன். இத்தினி வருஷமா அவள நான் இன்னா பேச்சு பேசிட்டேன், தெரியுமா? என் காலை எடுத்துக்கினவன்னு. தெனம் காலைல எழுந்ததும் திட்டிகினு இருந்தேன். அவ ஒண்ணுமே சொல்லலியா. அவகிட்ட யாருமே கேக்கவே இல்லியா."

குடத்துத் தண்ணீரை மொண்டு காலைக் கழுவினாள். ஒரு பாக்கெட் கற்பூரத்தைப் பிரித்தாள். சந்துப் பக்கம் போகாமல் நேராகத் தெருவில் இறங்கி நடந்தாள். நாலு வாசல் தூரத்துக்கு அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. நான் பின்னாலேயே போனேன். கோயில் படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு திரும்பி, "நீ வராத" என்றாள். நான் தெருவிலேயே நின்றேன். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. நெற்றி நிறையக் குங்குமத்தோடு வெளியே வந்து, என்னைத் தாண்டிப் போய்க் கடையில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாளாம். தெருவில் சொன்னார்கள். போன வாரம் நான் கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் வருஷத்திலிருந்து அந்தக் கடையில் எனக்கு ஜூஸ் போடுகிறவள் அவள்தான், ஒரு நாளும் என்னைக் கேட்டுப் போட்டதில்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கினாள். கிளாஸில் பிழிந்தாள். வழியில் போகிற எல்லோரையும் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"உப்பா, சர்க்கரையா மேடம்?"